பதினாறே மணி நேரம்தானாமே!

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள கிடந்து அரிச்சிட்டு இருக்கிற மேட்டர். இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதனால எழுதித் தொலைச்சிடலாம்னு உக்காந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். மொக்கை எதிர்பார்த்து வந்த மக்கள் அடுத்த பதிவுக்கு வாங்க :-)

கூகுளாண்டவர்கிட்ட போய், சென்னையிலேர்ந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு கேட்டுப் பாருங்க. இதுக்குன்னே கடை விரிச்சு வச்சிருக்கிற பக்கங்கள் வரிசையா வந்து விழும். விமான தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். பயண நேரம் சுமார் 16 மணி. பக்கத்துல ஒரு உலக வரைபடம், அதுல வில்லு மாதிரி வளைஞ்ச ஒரு கோடு, சுத்தி நாலு விளம்பரம். பாக்குறதுக்கு ஏதோ விமான நிலையத்து அதிகாரியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும்.

இதுல முதல் எண் சரி. ரெண்டாவது எண் பொய். அதுவும் தெரிஞ்சே சொல்ற பொய். இந்தப் பொய்யால யாருக்கு என்ன நஷ்டம்னு கேக்குறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல இந்த எண்கள் எப்படிப் பொறக்குதுன்னு சொல்லிடறேன். நானும் பொட்டி தட்டுற சாதிதான், அதனால சமையலறை ரகசியம் தெரியும். ரெண்டு ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்துக்கணும். பூமியை 6,371 கி.மீ. ஆரம் உள்ள உருண்டைன்னு வச்சுக்கணும். ஹாவர்சைன்னு ஒரு சூத்திரம் இருக்கு, அதுல இந்த நாலு எண்ணையும் போட்டா உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இருக்கிற மிகக் குறைந்த தூரம் வந்துடும். பத்து வரி நிரல்கூட ஆகாது. அப்புறம் அந்தத் தூரத்தை மணிக்கு 900 கி.மீ.ன்னு ஒரு வேகத்தால வகுக்கணும். ஏறவும் இறங்கவும் ஒரு அரை மணி நேரம் கூட்டணும். 13,900-ஐ 900-ஆல வகுத்தா பதினஞ்சரைக்குக் கொஞ்சம் கம்மி. அரை மணி சேத்தா 16. முடிஞ்சது. இதுதான் உங்க "பயண நேரம்".

இந்தக் கணக்குல விமானம் எங்கயாவது வந்துச்சா? விமான நிலையம்? கால அட்டவணை? காத்து? எதுவுமே கிடையாது. அந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல விமானம் ஓடுதாங்கிற கேள்வியே அந்த நிரல்ல இல்ல. 5,000 ஊரோட பட்டியல் கையில இருந்தா ஜோடி ஜோடியா சேத்து ஒண்ணேகால் கோடி பக்கம் ஒரே ராத்திரியில உற்பத்தி பண்ணலாம். ஒவ்வொரு பக்கத்துலயும் நாலு விளம்பரம். அந்த ஒண்ணேகால் கோடியில ஒரு பக்கத்தைக்கூட ஒரு மனுஷன் உக்காந்து படிச்சுச் சரி பாத்திருக்க மாட்டான். வகுத்தல் கணக்கோட விடைக்குப் பயண நேரம்னு பேர் வச்சு விக்கிறாங்க. இதைத்தான் நான் தெரிஞ்சே சொல்ற பொய்னு சொல்றேன். நிரல் எழுதினவனுக்கு அது வெறும் வகுத்தல்னு நல்லாத் தெரியும்.

சரி, நெசத்துல என்ன ஆகும்? சென்னையிலேர்ந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்கயாவது இறங்கி மாறித்தான் ஆகணும். மூணு வழியை மட்டும் எடுத்துக்குவோம்.

1. துபாய் வழி: 2,930 + 13,040 = கிட்டத்தட்ட 16,000 கி.மீ. வானத்துல மட்டும் 20 மணி நேரம்.

2. ஃபிராங்க்ஃபர்ட் வழி: 7,600 + 9,140 = கிட்டத்தட்ட 16,700 கி.மீ. வானத்துல 21, 22 மணி நேரம்.

3. சிங்கப்பூர் வழி: 2,925 + 13,590 = கிட்டத்தட்ட 16,500 கி.மீ. வானத்துல 19, 20 மணி நேரம்.

ஒண்ணு கவனிச்சீங்களா? துபாய் மேற்கே, சிங்கப்பூர் கிழக்கே. எந்தப் பக்கம் போனாலும் தூரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஏன்னா நம்ம போக வேண்டிய ஊரு பூமியோட அந்தப் பக்கத்துல இருக்கு. அந்தப் பக்கங்கள் சொல்ற 13,900 கி.மீ. பாதையில சென்னை ஆளு யாரும் டிக்கெட் எடுத்துப் போனது கிடையாது. இந்த மூணு வழியில போறவங்க குறைஞ்சது 2,000 கி.மீ. கூடுதலாத்தான் பறக்கிறாங்க.

இதுக்கு மேல நடுவுல மாறுற ஊர்ல காத்திருக்கிறது ரெண்டு மணியோ பத்து மணியோ. கிளம்புற இடத்துல மூணு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கணும். இறங்குற இடத்துல குடியேற்ற வரிசை, பொட்டிக்காக நிக்கிற வரிசை. கூட்டிப் பாத்தா விமான நிலையத்துலேர்ந்து விமான நிலையத்துக்கே 22-லேர்ந்து 30 மணி நேரம். நம்மாளுங்க முக்கால்வாசிப் பேர் மீனம்பாக்கத்துல குடியிருக்கலையே! மன்னார்குடியிலேர்ந்து மீனம்பாக்கம் வர கார்லயே ஆறு, ஏழு மணி நேரம். அந்தப் பக்கங்களைப் பொறுத்தவரை மன்னார்குடின்னு ஒரு ஊரே கிடையாது.

"யோவ், பெங்களூர்லேர்ந்து நேரடி விமானம் விட்டாங்களே"ன்னு ஒரு குரல் கேக்குது. ஆமாம் அண்ணாச்சி, 2021 ஜனவரியில ஏர் இந்தியா விட்டுச்சு. முதல் விமானத்தை முழுக்கப் பெண் விமானிகளே வட துருவம் வழியா ஓட்டிட்டு வந்தாங்க. கிட்டத்தட்ட 14,000 கி.மீ., 16, 17 மணி நேரம். நிஜமாவே பெரிய சாதனை. ஆனா அது பெங்களூருக்கு. தினமும் ஓடுற விமானமாவும் அதை ஆரம்பிக்கல. என்னிக்கோ ஒரு ஊர்ல ஒரு விமானம் 16 மணி நேரத்துல பறந்ததை வச்சு, எல்லா ஊருக்கும் எல்லா நாளைக்கும் 16-ன்னு எழுதலாமா?

அடுத்த சால்ஜாப்பு: "அதான் 'சுமார்'னு போட்டிருக்கோமே, தோராயம்தானே."

தோராயம்னா என்ன? சில சமயம் கூடும், சில சமயம் குறையும். எங்க ஊர்ப் பூக்காரம்மா முழம் போடுறது தோராயம். ஒரு நாள் கொஞ்சம் கூட வரும், ஒரு நாள் கொஞ்சம் குறையும். எப்பவுமே குறைச்சலா மட்டும் வந்தா அதுக்குப் பேரு தோராயம் இல்ல, அளவுல கை வைக்கிறது. இந்த 16 மணி நேரம் ஒரு தடவைகூட அதிகமாப் போய்த் தப்பானது கிடையாது. இருக்கிறதுலயே கம்மியா எவ்வளவு ஆகலாங்கிற கற்பனை எண்ணைத் தூக்கி, இவ்வளவுதான் ஆகும்னு தலைப்புல போடுறாங்க.

சரி, நேரடி விமானம் இருக்கிற ஊருக்காவது இந்தக் கணக்கு சரியா வருமா? நியூயார்க்–லண்டன் எடுத்துக்குங்க. 5,540 கி.மீ. வகுத்தல் கணக்குப்படி 6 மணி 40 நிமிஷம், போனாலும் வந்தாலும் ஒரே விடை. 2020 பிப்ரவரியில சியாரா புயல் நேரத்துல ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ நியூயார்க்லேர்ந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்து இறங்குச்சு. மேலடுக்குக் காத்து பின்னாடியிலேர்ந்து தள்ளினா அப்படி. அதே காத்தை எதிர்த்துக்கிட்டுத் திரும்பிப் போகும்போது ஏழரை, எட்டு மணி நேரம் சாதாரணம்.

இது ஒண்ணும் புதுசும் இல்ல. ரெண்டாம் உலகப் போர் சமயம், 1943-லேர்ந்து 1945 வரைக்கும், ஆஸ்திரேலியாவோட பெர்த்லேர்ந்து இலங்கையில காலிக்குப் பக்கத்துல இருக்கிற கொக்கலை ஏரிக்கு க்வாண்டாஸ் காரங்க கேட்டலினா கடல் விமானத்தை எங்கயும் நிக்காம ஓட்டினாங்க. ஒரு பயணத்துல ரெண்டு தடவை சூரியன் உதிக்கிறதைப் பாக்கலாம்னு அதுக்கு 'இரட்டைச் சூரியோதயம்'னே பேரு. அந்தப் பயணம் 27 மணி நேரத்துலயும் முடியும், 33 மணி நேரமும் இழுக்கும். அதே விமானம், அதே கடல்தான். 80 வருஷம் முன்னாடியே தூரமும் நேரமும் வேற வேறன்னு தெரிஞ்சுதான் பறந்தாங்க. நம்ம 900-ஆல வகுக்கிற தம்பிகளுக்கு மட்டும்தான் இன்னும் தெரியல.

காத்தையாவது மன்னிக்கலாம், அது இயற்கை. அரசியல்னு ஒண்ணு இருக்கே! ஹெல்சிங்கி–டோக்கியோ சுமார் 7,800 கி.மீ. வகுத்தா 9 மணி சொச்சம். 2022 பிப்ரவரி வரைக்கும் அது கிட்டத்தட்ட சரியாவே இருந்துச்சு, ஏன்னா விமானங்கள் ரஷ்யா மேல நேராப் போச்சு. உக்ரைன் போர் வந்துச்சு, ரஷ்யா வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிடுச்சு. ஃபின்ஏர் விமானங்கள் வட துருவத்தைச் சுத்திப் போக ஆரம்பிச்சு 13 மணி நேரம் ஆச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, 1983-ல சோவியத் வான்வெளியைத் தவிர்க்கிறதுக்காக இதே ஃபின்ஏர் இதே துருவ வழியாத்தான் டோக்கியோவுக்குப் போனாங்க. 40 வருஷம் கழிச்சுத் திரும்பப் பழைய வழிக்கே வந்துட்டாங்க. இவ்வளவு நடந்தும் ஹெல்சிங்கியோ டோக்கியோவோ ஒரு அங்குலம் நகரல. அதனால வகுத்தல் பக்கமும் நகரல.

நம்ம கதைக்கு வாங்க. 2025 ஏப்ரல் கடைசியில பாகிஸ்தான் தன்னோட வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடுச்சு. டெல்லியிலேர்ந்து அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்கள் சுத்திப் போக வேண்டியதாச்சு. வியன்னாவிலயும் கோபன்ஹேகன்லயும் இறங்கி எரிபொருள் போட்டுட்டுப் போன விமானங்கள் உண்டு. அதே வருஷம் ஜூன் 23 அன்னிக்கு கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடினப்போ, தோஹாவுல மாறிப் போக வேண்டிய சனம் எங்கெங்கயோ இறங்கித் தவிச்சுது.

இன்னும் கிட்டத்துல வேணுமா? சென்னை–யாழ்ப்பாணம். பலாலி விமான நிலையம் வரைக்கும் வெறும் 356 கி.மீ. வகுத்தல் கணக்குல ஒரு மணி நேரத்துக்கும் கம்மி. ஆனா 2019 நவம்பர்ல விமானம் ஆரம்பிக்கிற வரைக்கும், சென்னையிலேர்ந்து யாழ்ப்பாணம் போகணும்னா யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே கொழும்புக்குப் போய் இறங்கி, அங்கேர்ந்து 400 கி.மீ. ரோட்டுல வடக்கே திரும்பி வரணும். ஒரு நாள் போயிடும். 2020 மார்ச்சுல கொரோனாவால அந்த விமானமும் நின்னுச்சு, 2022 டிசம்பர்லதான் திரும்ப வந்துச்சு. நடுவுல இருந்த அந்த ரெண்டே முக்கால் வருஷமும் ஹாவர்சைன் அசராம ஒரு மணி நேரம்னுதான் சொல்லிட்டு இருந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை நம்பி மீனம்பாக்கத்துல போய் நின்னா எந்த விமானத்துல ஏறுறது?

இப்போ நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன்னு சொல்றேன்.

என்கூட வேலை பாத்த ஒரு நண்பன். சொந்த ஊரு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், வேலை சான் பிரான்சிஸ்கோ பக்கம். ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அவங்க அப்பா தவறிட்டார். அங்க அப்போ வியாழன் காலை எட்டரை. கையில கிடைச்ச முதல் டிக்கெட் அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, அதாவது நம்ம நேரப்படி வெள்ளி விடியக்காலை அஞ்சரை. ஊருக்குப் போன் பண்ணி, வீடு வந்து சேர சனிக்கிழமை மத்தியானம் ஆயிடும், எனக்காக வச்சிருங்கன்னு சொல்லியிருக்கான்.

வீட்ல பெரியப்பா கையில போன். பக்கத்துல யாரோ ஒரு பையன் தட்டிப் பாத்துட்டு, பதினாறு மணி நேரம்தான்னு போட்டிருக்குன்னு சொல்லிட்டான். ராத்திரி ஒன்பதோட பதினாறு கூட்டினா வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி. "நெட்டுலயே போட்டிருக்கு, இவன் என்னடா சனிக்கிழமைங்கறான்"னாராம். அதோட விடல. "வர்றதுக்கு மனசு இல்ல, லீவு கிடைச்சிருக்காது, சாக்கு சொல்றான்"னு அந்தச் சாவு வீட்லயே ஒரு பேச்சு. சனிப் பிணம் தனியாப் போகாதுன்னு வேற சொல்லுவாங்க இல்லையா, அதனால சனிக்கிழமை வரைக்கும் வச்சிருக்க பெருசுங்க ஒத்துக்கல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துட்டாங்க. சித்தப்பா மகன் கொள்ளி வச்சான். அந்த நேரத்துல இவன் பத்தரை மணி நேரமா வானத்துல இருந்தான். நடுவுல மாறுற ஊர்ல இறங்கிப் போனை உயிர்ப்பிச்சா பெரியப்பாகிட்டேர்ந்து ஒரு செய்தி. "எல்லாம் முடிஞ்சுது. நிதானமா வா."

அவன் கணக்கை நான் உக்காந்து கூட்டிப் பாத்தேன். சேதி கேட்டதுலேர்ந்து விமானம் கிளம்புற வரைக்கும் எட்டரை மணி. முதல் பறப்பு 16. காத்திருப்பு 5. ரெண்டாவது பறப்பு 4. சென்னையில வெளிய வர 1. மன்னார்குடி போக 7. மொத்தம் நாற்பத்து ஒண்ணரை மணி நேரம். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டரைக்கு வாசல்ல போய் நின்னான். சொன்ன சொல்லுப்படி, சொன்ன நேரத்துக்குத்தான் வந்தான். ஆனா வீட்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு சிலருக்கு அவன் வேணும்னே தாமதமா வந்தவன்தான். 

பெரியப்பாவை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவர் விமானமே ஏறாதவர். பையன் சொல்றதா, திரையில கோடு போட்டு எண் போட்டுக் காட்டுறதான்னு வந்தா, அவர் திரையைத்தான் நம்புவார். திரையில அப்படிப் போட்டவன் எந்த அறையிலயோ உக்காந்து விளம்பரக் காசை எண்ணிட்டு இருக்கான். பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்க முடியாதவன் மேல பொய்யன்னு பட்டம்.

இன்னொரு கூட்டம் இருக்கு, "உலகமே சுருங்கிடுச்சு சார்"னு மேடைக்கு மேடை ஜல்லி அடிக்கிற கூட்டம். எங்க சுருங்குச்சு? 1977-லேர்ந்து 2003 வரைக்கும் கான்கார்ட் லண்டன்–நியூயார்க்கை மூணரை மணி நேரத்துல கடந்துச்சு. அது போனதுக்கப்புறம் பயணிகளுக்கு அந்த வேகமே இல்ல. மத்த ஜெட் விமானங்களோட வேகம் 1958-ல போயிங் 707 வந்த காலத்துலேர்ந்து பெருசா ஏறவே இல்ல. ஏறினது ஒரே மூச்சுல பறக்கிற தூரம். 1947-ல சிட்னியிலேர்ந்து லண்டன் போக ஆறு இடத்துல இறங்கி நாலு நாள் ஆச்சு. 2019 நவம்பர்ல க்வாண்டாஸ் லண்டன்லேர்ந்து சிட்னிக்கு நிக்காம ஒரு சோதனைப் பயணம் ஓட்டினப்போ 19 மணி 19 நிமிஷம் ஆச்சு. சந்தோஷம்தான். ஆனா அந்த மாதிரி நேர் பாதை காசு புழங்குற ரெண்டு பெரிய ஊருக்கு நடுவுலதான் வரும். மன்னார்குடிக்காரனுக்கு உலகம் சுருங்கணும்னா அவனோட விசா முத்திரையும் ஒழுங்கா இருக்கணும். எச்-1பி முத்திரை காலாவதியான ஒருத்தன் அப்பாவைப் பாக்கக் கிளம்பிட்டான்னா, திரும்பிப் போறதுக்குப் புது முத்திரை குத்தியாகணும். தூதரகத்துல தேதி கிடைக்கிறதைப் பொறுத்துத்தான் அவனோட திரும்பும் பயண நேரம். அதை எந்தச் சூத்திரத்துல போட்டு வகுக்கிறது?

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி, தீர்வையும் சொல்லிடறேன். நிரல் எழுதுற சக பொட்டிதட்டிகளே, ரொம்பக் கஷ்டமான வேலை ஒண்ணும் இல்ல.

முதல்ல, தூரத்துக்குப் பக்கத்துல "இது வான்வழி நேர்த்தூரம், பயணிக்கிற தூரம் இல்ல"ன்னு எழுதுங்க.

ரெண்டாவது, நேரடி விமானம் இல்லாத ஜோடிக்கு நேரத்தைப் போடவே போடாதீங்க. "நேரடி விமானம் இல்லை"ன்னு ஒரு வரி போதும். அந்த ஒரு வரி அன்னிக்கு அந்த வீட்ல இருந்திருந்தா, பெரியப்பா இன்னொரு தடவை போன் பண்ணிக் கேட்டிருப்பார்.

மூணாவது, விமானம் இருந்தா நிறுவனங்கள் வெளியிடுற கால அட்டவணையிலேர்ந்து எடுத்து, இத்தனையிலேர்ந்து இத்தனை மணி வரைக்கும்னு போடுங்க. போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு.

செய்வாங்களா? மாட்டாங்க. மூணும் செஞ்சா ஒண்ணேகால் கோடிப் பக்கத்துல முக்கால்வாசி காலியாயிடும், விளம்பரம் எங்க போடுறது?

அதனால சக பதிவர்களே, உங்ககிட்டதான் கேக்குறேன். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடான்னு பயணக் கட்டுரை எழுதுறப்போ "ஜஸ்ட் 16 மணி நேரம்தான், ரெண்டு படம் பாத்துட்டுத் தூங்கி எந்திரிச்சா வந்துடுச்சு"ன்னு பந்தா விடாதீங்க. எந்த மாசம், எந்த ஊர் வழியா, எத்தனை மணி நேரம் காத்திருந்தீங்க, வீட்டு வாசல்லேர்ந்து வீட்டு வாசலுக்கு மொத்தம் எத்தனை மணின்னு ஒரே ஒரு வரி எழுதி வைங்க. இப்போ செயற்கை நுண்ணறிவு பொட்டிகள் வேற வந்துடுச்சு, வலையில கிடக்கிறதை அள்ளித் தின்னுட்டுத்தான் அதுங்களும் பதில் சொல்லுது. தமிழ்ல தேடுற ஒரு பெரியப்பாவுக்கு வகுத்தல் கணக்குக்குப் பதிலா, போய்ட்டு வந்த ஒருத்தரோட நிஜக் கணக்கு கண்ணுல படட்டும்.

நான் ஆரம்பிச்சு வைக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ பக்கத்து வீட்டு வாசல்லேர்ந்து மன்னார்குடிப் பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும், அவசரத்துக்குக் கிளம்பினா, நடுவுல எதுவும் தடங்கல் இல்லைன்னா, ஒண்ணேமுக்கால் நாள்னு வச்சுக்குங்க. உங்க ஊருக்கு எவ்வளவுன்னு பின்னூட்டத்துல போடுங்க. ஒரு பட்டியலாத் தொகுத்து அடுத்த பதிவுல போட்டுடலாம்.

டிஸ்கி: ஹாவர்சைன் மேல எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பாவம், கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் அது சொல்லிட்டு இருக்கு. உருண்டை மேல ரெண்டு புள்ளி, நடுவுல எவ்வளவு தூரம்? அவ்வளவுதான் கேள்வி. எப்ப வந்து சேருவான்னு அதுகிட்ட யாரும் கேக்கவே இல்ல.